மன்னிப்பு வேறு, மெஷின் வேறு

ஜனவரி 8

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் நலமா? உன் இடுப்பு வலி தேவலையா? வாளியைக் குனிந்து தூக்காதே என்று எத்தனை தடவை சொல்வது?

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன தடவை மெஷின் சத்தத்தில் நான் கத்த, நீ "ஏன் அண்ணி திட்டுறீங்க?" என்று மூக்கை உறிஞ்ச, உன்னைச் சமாதானம் செய்யவே நேரம் போய்விட்டது. அதனால் கடிதம்.

நம் சலவைக்கடைக்கு ஒரு பெரிய ஹோட்டலின் வேலை கிடைத்திருக்கிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் இனி நம்மிடம்தான். ஒரே நிபந்தனை, காலையில் எடுத்த துணி மதியம் இரண்டு மணிக்குள் திரும்பியாக வேண்டும். அந்த மேனேஜர் பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

உன் கொழுந்தன் சின்னவனைப் பற்றிச் சொல்லாவிட்டால் உனக்குச் சாப்பாடு இறங்காது. நீ கேட்டதற்காகத்தான் சேர்த்துக்கொண்டேன். இப்போது விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் உருளை மெஷின் அவன் கையில்தான் ஓடுகிறது. கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பைக் கொடுத்தால், அந்தப் பக்கம் காகிதம் மாதிரி வந்து விழும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி இருக்கிறது. கை பட்டால் மெஷின் அப்படியே நின்றுவிடும். சின்னவன் கொடுக்கிற வேகத்தில் மறுபக்கம் மடிப்பவர்களுக்கு மூச்சு வாங்குகிறது.

உன் அண்ணன் வழக்கம்போல வண்டி ஓட்டுகிறார். கடைக்குள் யாராவது குரலை உயர்த்தினால் "டயரில் காற்று பார்க்கணும்" என்று வெளியே போய்விடுகிறார். பாவம், அந்த டயர்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புடன்,
அண்ணி

*

ஜனவரி 22

அன்பு அண்ணிக்கு,

பாப்பாவின் வணக்கம். எல்லோரும் நலம். இடுப்பு வலி இருக்கிறது, வாளியும் இருக்கிறது. என்ன செய்ய?

சின்னவனைப் பற்றி எழுதியிருந்ததை இவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தடவை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனாரும் மாமியாரும் போனபிறகு அவனை நாங்கள்தானே வளர்த்தோம். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. எங்களை விட்டால் அவனுக்குப் போக இடம் கிடையாது. இப்போது உங்கள் கடையில் காலூன்றிவிட்டான் என்றால் இவருக்குத் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கிய மாதிரி.

ஒரே ஒரு விஷயம், அண்ணி. அவனிடம் கறாராகப் பேசினால் முறுக்கிக்கொள்வான். தட்டிக்கொடுத்தால் மலையையும் புரட்டுவான். முடிந்தால் அவனை மற்றவர்களுக்கு மேலே மேற்பார்வைக்குப் போடுங்கள். குடும்பத்து ஆள், நாளைக்கு உங்களுக்கும் துணை.

அண்ணனை மழையில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
பாப்பா

*

பிப்ரவரி 19

பாப்பா,

நலம். அங்கும் நலம்தானே?

அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே.

சின்னவன் அங்கே வருவான். கடையில் ஒரு விபத்து. ஒருவருக்குக் கை வெந்துவிட்டது. அவனிடம் சில விஷயம் சொன்னேன். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான். வந்தால் எதுவும் கேட்காதே. முதலில் சாப்பிடச் சொல்.

பிறகு விவரமாக.

அண்ணி

*

மார்ச் 2

அன்பு அண்ணிக்கு,

வணக்கம். நீங்களும் அண்ணனும் நலம் என்று நம்புகிறேன். கோழி கிளறிய மாதிரி எழுத்து. என்ன அப்படி அவசரம்?

சின்னவன் வந்துவிட்டான். பையை மூலையில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து, "யாருக்கோ விரல் லேசா சுட்டுடுச்சு, அதை அக்கா பெருசாக்கிட்டாங்க" என்றான். அதற்குமேல் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான்.

உங்களைக் கேள்வி கேட்கும் வயது எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். சூடான மெஷின் இருக்கிற இடத்தில் விரல் சுடாமலா இருக்கும்? என் அடுப்படியில் எனக்குத் தினமும் சுடுகிறது. அதற்காக வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்புவார்களா? இவர் சாப்பிடும்போது என் முகத்தை மட்டும் பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில் எழுதுங்கள்.

பாப்பா

*

மார்ச் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

சுகமா? பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததா? நாங்கள் நன்றாகவே இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல நம் கவுன்ட்டரில் இருக்கும் சிட்டு எழுதுகிறாள். எனக்கு உட்கார நேரமில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன்.

நீ கேட்டது நியாயம். நடந்ததைச் சொல்கிறேன், நீயே முடிவு செய்.

விபத்து நடந்ததும் மெஷினைப் பார்த்தோம். தடுப்புக் கம்பி அசையாதபடி கிழிந்த துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதனால்தான் கை பட்டும் மெஷின் நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்துச் சின்னவனைக் கூப்பிட்டேன். அவன் பொய் சொல்லவில்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

"நான்தான் கட்டினேன் அக்கா. சும்மா சும்மா நின்னுடுது. அப்புறம் ரெண்டு மணிக்கு எப்படிக் குடுக்கிறது? நீங்கதானே சரின்னு ஒத்துக்கிட்டீங்க?"

அந்தக் கேள்வி எனக்கு வேண்டியதுதான். "ஆமா. ஒத்துக்கிட்டது என் தப்பு. அதை நான் சரி பண்றேன். கட்டினது உன் தப்பு. அதை நீ சரி பண்ணு" என்றேன்.

"என்ன செய்யணும்?"

"மெஷின் கம்பெனியில பயிற்சி குடுக்கறாங்க. போய் முடிச்சுட்டு வா. செலவு கடையோடது. அதுவரைக்கும் மடிக்கிற மேஜையில நில்லு, சம்பளம் குறையாது. அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டு, கட்டினது நான்தான், இனி யாரும் கட்டக் கூடாதுன்னு உன் வாயால சொல்லு."

"எல்லார் முன்னாடியும் தலையைக் குனிஞ்சு நிக்கணுமா?"

"குனிய வேண்டாம். நிமிர்ந்தே சொல்லு. ஆனா சொல்லணும்."

"அதுக்கு என்னை வேலையை விட்டே அனுப்பிடுங்க."

"நான் அனுப்பலை தம்பி. நீ போறே. ரெண்டும் வேற வேற."

இவ்வளவும் பேசும்போது அவன் ஒரு தடவைகூட என் பக்கம் பார்க்கவில்லை. போய்விட்டான். அவன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். எப்போது இந்த மூன்றையும் செய்யத் தயாரோ, அப்போது வரலாம். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம்.

அண்ணி

*

மார்ச் 25

அண்ணிக்கு,

நலம்.

எனக்கு ஒரு கடிதம் எழுதக்கூட உங்களுக்கு நேரமில்லை, கவுன்ட்டர் பெண்ணிடம் சொல்லி எழுத வைக்கிறீர்கள் என்பது புரிந்தது. முதலாளி என்றால் அப்படித்தான் போலும். எங்கள் வீட்டு விஷயத்தை வேலைக்காரர்கள் வாசிக்க வேண்டாம் என்பதால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பாப்பா

*

ஏப்ரல் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

எல்லோரும் நலமா? உன் கோபமும் நலம்தான் என்று தெரிகிறது. இருக்கட்டும். இதையும் சிட்டுதான் எழுதுகிறாள். அவள் வேலைக்காரி இல்லை, என்னோடு வேலை செய்கிறவள். நீ அப்படி எழுதியதை வாசித்துவிட்டு, "பாவம், அந்த அக்காவுக்கு மனசு சரியில்ல" என்றாள். அவ்வளவுதான்.

ஹோட்டல் மேனேஜரிடம் போய், இனி இரண்டு மணிக்கு முடியாது, மாலை ஐந்து மணிக்குத்தான் தரமுடியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவர் கடைக்கே வந்தார். கையில் ஒரு மூட்டை. கறை போகாத விரிப்புகளாம். கவுன்ட்டரில் வைக்கவில்லை, சிட்டுவின் முகத்துக்கு நேராக எறிந்தார். "உங்க ஆளுங்களுக்குக் கண்ணு தெரியாதா?" என்று கத்தினார். (இந்த இடத்தை எழுத மாட்டேன் என்கிறாள். எழுதுடி என்கிறேன்.) உன் அண்ணன் டயரைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் உள்ளேயிருந்து வந்தேன். "சார், முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. கறை போகலைன்னா அது எங்க தப்பு. இப்பவே திரும்ப வெளுத்துத் தர்றோம், பணம் வேண்டாம். ஆனா துணியை இவ மேல எறிஞ்சது உங்க தப்பு. அதுக்கு நீங்கதான் ஏதாவது சொல்லணும்."

"நான் யாருன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் சார். எங்களோட பெரிய வாடிக்கையாளர். அதனாலதான் உட்காரச் சொல்றேன்."

"நாளையிலிருந்து ஒரு துண்டுகூட உங்களுக்கு வராது."

"வராட்டி வருத்தம்தான். ஆனா அஞ்சு மணி அஞ்சு மணிதான். எங்க ஆளுங்க கை எங்களுக்கு வேணும். நீங்க எப்ப வந்தாலும் நாற்காலி இருக்கும்."

அவர் போனபிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. யாரும் பார்க்காமல் இருக்கத் துணி மூட்டைக்குப் பின்னால் போய் நின்றேன். சிட்டு தண்ணீர் கொண்டுவந்தாள். மேனேஜர் குடிக்காமல் விட்டுப்போனது.

மறுநாள் எல்லோரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். பெரிய வேலை போய்விட்டது. யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன். ஆனால் எல்லோருக்கும் கொஞ்சம் வேலை நேரம் குறையும், எனக்கும் சேர்த்து. மதியத்துக்குமேல் மருத்துவமனை, விடுதி என்று படியேறி வேலை கேட்கப் போகிறேன், யாருக்கு வாய்ச்சாலகம் இருக்கிறதோ கூட வாருங்கள் என்றேன். உன் அண்ணன் கையைத் தூக்கினார் பாப்பா! எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

சின்னவன் சாப்பிடுகிறானா?

அண்ணி

*

மே 30

பாப்பா,

சுகமா? உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பரவாயில்லை. நானே எழுதுகிறேன், என் கையாலேயே.

இரண்டு சின்ன மருத்துவமனை, ஒரு மாணவர் விடுதி கிடைத்திருக்கிறது. மாணவர் விடுதித் துணியைப் பிரிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றபடி குறையில்லை.

மெஷின் கம்பெனியின் பயிற்சி ஜூலையில் திரும்பத் தொடங்குகிறதாம். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவன் தலைமாட்டில் வை. பேசவேண்டாம். வைத்தால் போதும்.

இடுப்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஜூன் 12

அன்பு அண்ணிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். அந்த விண்ணப்பத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு எரிச்சல். "எவளோ ஒருத்திக்கு விரல் சுட்டதுக்கு, இவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறாங்களாம். கடை கையில இருந்தா தலை எப்படிக் கனக்குது பாருங்க" என்று இவரிடம் சொன்னேன்.

சின்னவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"நிறுத்துங்க அண்ணி. எவளோ ஒருத்தி இல்ல. அது அக்காவோட கை."

இவர் கை அந்தரத்தில் நின்றது.

"அன்னிக்கு ஆள் பத்தலை. அக்காவே வந்து மெஷின்ல நின்னாங்க. விரிப்பு ஒரு ஓரம் மடங்கிப் போச்சு. நீவி விடக் கையை நீட்டினாங்க. கம்பியைக் கட்டியிருந்தேனே, மெஷின் நிக்கல. நான் ஓடிவந்து சுவிட்சை அணைக்கிறதுக்குள்ள நாலு விரலும் உள்ள போயிடுச்சு. அவங்க கத்தக்கூட இல்ல அண்ணி. 'விரிப்பு கிழிஞ்சிடப் போவுது, பார்த்து எடு'ன்னாங்க."

சொல்லிவிட்டு வாசல்படியில் போய் உட்கார்ந்து அழுதான். அவன் அழுது நான் பார்த்ததில்லை.

இப்போது புரிகிறது, அந்தக் கோணல் எழுத்து நீங்கள் இடது கையால் எழுதியது. மற்றதைச் சிட்டு எழுதினாள். நான் உங்களுக்கு என்ன பதில் எழுதினேன்! அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சிட்டுவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள். ஏன் அண்ணி என்னிடம் மறைத்தீர்கள்? விரல் இப்போது எப்படி இருக்கிறது? மடக்க முடிகிறதா?

இவர் கொதித்துப்போய் இருக்கிறார். "என் வீட்டில் இனி அவனுக்கு இடமில்லை" என்கிறார். நீங்கள் பெரிய மனசு பண்ணி அவனை மன்னித்து, பழையபடி அந்த மெஷினிலேயே நிறுத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும். இல்லையென்றால் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டில் எது என்றாலும் நாங்கள் தலைவணங்குகிறோம்.

உங்கள்
பாப்பா

*

ஜூன் 20

என் அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதிவிட்டேன், இனி அழாதே. விரல்கள் ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. நடுவிரல் மட்டும் முழுசாக மடங்க மறுக்கிறது. பென்சில் பிடிக்கும். ஊசியில் நூல் கோக்காது. நான் என்ன தையல் கடையா வைத்திருக்கிறேன்?

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறாய். முதலிலேயே சொல்லியிருந்தால் அவனை நீங்கள் வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டீர்கள். மாப்பிள்ளை இப்போது சொல்வதை அன்றைக்கே சொல்லியிருப்பார். அவனுக்குப் போக வேறு வீடு இல்லை என்று நீதானே எழுதினாய்? இன்னொன்றும் உண்டு. என் கை வெந்ததால் அவனை நிறுத்தினேன் என்று ஆகக் கூடாது. அது சிட்டுவின் கையாக இருந்தாலும் நான் இதையேதான் செய்திருப்பேன். கடையில் எல்லோரிடமும் வாயைப் பொத்திக்கொள்ளச் சொன்னேன். உன் அண்ணனுக்குத்தான் ரொம்பக் கஷ்டம், போனைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவார்.

இப்போது நீ கேட்ட இரண்டையும் நான் செய்யப்போவதில்லை.

அவனை மருத்துவமனை வாசலிலேயே மன்னித்துவிட்டேன். வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் ஈரத் துண்டை என் கையில் பிடித்துக்கொண்டே வந்தான். அந்தக் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் மன்னிப்பு வேறு, மெஷின் வேறு. மன்னித்ததற்காக மெஷினைக் கொடுக்க முடியாது. மெஷினைக் கொடுக்கவில்லை என்பதற்காக மன்னிக்கவில்லை என்றும் ஆகாது. பயிற்சி முடிக்கட்டும், மடிக்கிற மேஜையில் நிற்கட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லட்டும். அன்றைக்குச் சொன்னதுதான் இன்றைக்கும். கை யாருடையது என்று உனக்குத் தெரிந்ததால் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மாப்பிள்ளையிடம் சொல். அவனை வெளியே அனுப்பினால் நான் பெட்டியோடு வந்து உங்கள் வாசலில் உட்கார்ந்துவிடுவேன். அப்புறம் என் சமையலைத்தான் எல்லோரும் சாப்பிட வேண்டிவரும்.

நீ சிரிக்க ஒரு செய்தி. ஹோட்டல் மேனேஜர் வந்தார். வேறு கடையில் இரண்டு மணிக்குத் துணி வருகிறதாம், ஈரத்தோடு. நான் நாற்காலி போட்டேன். "அஞ்சு மணின்னா அஞ்சு மணிக்குச் சரியா வருமா?" என்றார். "வரும் சார். ஆனா முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை பாக்கி இருக்கு" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் சிட்டுவைப் பார்த்தார். "அன்னிக்குக் கொஞ்சம் அதிகமா நடந்துக்கிட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே" என்றார். சிட்டு, "சரி சார். துணி வண்டியில இருக்கா, நான் ஆளை அனுப்பட்டுமா?" என்றாள். நீ மன்னிப்புக் கேட்டதையும் அவளிடம் சொன்னேன். "அக்காவை ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க" என்கிறாள்.

அண்ணி

*

ஜூலை 27

அன்பு அண்ணிக்கு,

நலம். நீங்கள் நலமா, நடுவிரல் நலமா?

சின்னவன் பயிற்சிக்குப் போய்வந்துவிட்டான். அங்கே என்ன காட்டினார்களோ, திரும்பிவந்த நாளிலிருந்து அடுப்படியில் பிள்ளைகள் நுழைந்தால் அதட்டுகிறான். என்னையும் சேர்த்துத்தான். இவர் அவனோடு பேசுவதில்லை, ஆனால் பேருந்து நேரத்தை மட்டும் விசாரித்து வைத்திருக்கிறார்.

ஒரு பயம், அண்ணி. நேற்று என்னிடம் கேட்டான்: "அக்கா முன்னாடி நின்னு பேசிடுவேன். கடை ஆளுங்க முன்னாடியும் பேசிடுவேன். அந்த மெஷின் முன்னாடி எப்படி நிக்கிறது?" அதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

பாப்பா

*

ஆகஸ்ட் 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

சின்னவன் பத்திரமாக வந்துசேர்ந்தான். நீ கொடுத்தனுப்பிய போர்வைக்கு நன்றி, ஆனால் சலவைக்கடைக்காரிக்குப் போர்வை அனுப்புகிற ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

வந்த அன்றே எல்லோரையும் கூப்பிட்டான். நிமிர்ந்துதான் நின்றான். "கம்பியைக் கட்டினது நான். வேகமா ஓட்டறது பெருமைன்னு நினைச்சேன். அக்கா கை போச்சு. இனிமே யார் கட்டினாலும், நானே கட்டினாலும், மெஷினை நிறுத்திட்டு சத்தம் போடுங்க" என்றான். வெளுக்கிற இடத்துப் பெரியவர், "சத்தம் போட்டா நீ கோவிச்சுக்குவியே" என்றார். "கோவிச்சுக்குவேன். அப்பவும் போடுங்க" என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். உன் அண்ணன் அதுவரை அங்கேயே நின்றார், டயரை நினைக்கவே இல்லை.

பிறகு மடிக்கிற மேஜையில் நின்றான். முதல் வாரம் அவன் மடித்ததைச் சிட்டு பிரித்துத் திரும்ப மடித்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தான். மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. நான் அவசரப்படுத்தவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நேற்றுக் காலை அவனே வந்தான்.

"அக்கா, இன்னிக்கு நிக்கட்டுமா?"

"நில்லு."

கம்பியைத் தட்டிப் பார்த்தான். மெஷின் நின்றது. திரும்ப ஓடவிட்டான், திரும்பத் தட்டினான். நின்றது. அப்படியும் விரிப்பை எடுக்கவில்லை. நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். வலது கையாலேயே பிடித்தேன். அவன் கண் என் விரல்களிலேயே நின்றுவிட்டது. விரிப்பு உருளைக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கிறது, அவன் பார்வை அங்கே இல்லை.

அதட்டினேன் பாப்பா. வந்ததிலிருந்து அவனை அதட்டியது அந்த ஒரு தடவைதான்.

"துணியைப் பாரு தம்பி. என் கையைப் பார்த்துட்டிருந்தா உன் கை போயிடும்."

அவன் துணியைப் பார்த்தான்.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீ ஒரு தடவை வந்து போ.

அண்ணி